ஒரு மணி நேரமாம், நிபோங் தெபாலுக்கு!

கோலா சிலாங்கூர் பக்கத்து எங்கள் தோட்டத்திலிருந்து காலை ஆறரைக்குப் புறப்பட்டேன். முந்தின நாள் சாயங்காலம் நிபோங் தெபாலில் என் அக்கா இறந்துவிட்டாள். மதியம் இரண்டு மணிக்கு எடுக்கிறார்கள். அதற்குள் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை அவள்மேல் போர்த்தியாக வேண்டும். அண்ணன் தம்பிகள் எல்லாரும் முன்பே காலமாகிவிட்டார்கள். பிறந்த வீடு என்று மிச்சமிருப்பது நான் ஒருத்திதான்.

சேதி வந்ததும், எப்போதும்போல ராத்திரி பஸ்ஸிலேயே போகிறேன் என்று மகனிடம் சொன்னேன்.

"பஸ்ல அஞ்சு மணி நேரம்மா. பிளைட்டுல ஒரு மணி நேரம்தான்லா. சுபாங்லேருந்து பினாங்கு எரநூத்தி எம்பது கிலோமீட்டர், இங்க பாருங்க" என்று போனை நீட்டினான். அவனுக்குத் தொழிற்சாலையில் ஷிப்டு, கூட வர முடியாது. போனில் இருப்பதை நான் எப்படி மறுத்துப் பேசுவது?

வீட்டிலிருந்து சுபாங் விமான நிலையம் ஐம்பது கிலோமீட்டர். பக்கத்து வீட்டுக் காரில் நெரிசலில் ஊர்ந்து போய்ச் சேர எட்டாகிவிட்டது. இந்த நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பத்து மணி விமானத்துக்கு முன்கூட்டியே உள்ளே போய் உட்கார வேண்டும், அதையும் சேர்ப்பதில்லை. பத்தானது, பதினொன்றும் ஆனது. ஏன் என்று ஒருவரும் வந்து சொல்லவில்லை. அந்நியரிடம் பேசக் கூசுகிறவள் நான். சேலைப் பையை அணைத்தபடி கவுண்டருக்குப் போனேன். நம் தமிழ்ப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள்.

"பன்னெண்டுக்குக் கெளம்பிரும் பாட்டி. ஏறி உக்காந்தா ஒரு மணி நேரம்தான்."

"ரெண்டு மணிக்கு எடுத்துருவாங்கம்மா."

"என்னத்த எடுப்பாங்க பாட்டி?"

திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஆகாயத்தில் சொன்னபடி ஒரு மணி நேரம்தான். பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் இறங்கி டாக்சி பிடித்தேன்.

"நிபோங் தெபாலா?" டிரைவர் தம்பி திரும்பிப் பார்த்தார். "அது தீவுல இல்லையேம்மா, அக்கரையிலதான இருக்கு! ரெண்டாவது பாலம் தாண்டி, வந்த பக்கமே திரும்பிப் போவணும். பஸ்ல வந்திருந்தா வழியிலேயே எறங்கியிருக்கலாமேலா!"

அக்கா வீட்டைத் தாண்டிப் பறந்திருக்கிறேன். நிபோங் தெபாலும் பினாங்கு மாநிலம்தான்; மகனுக்குப் பினாங்கு என்றால் எல்லாம் ஒரே பினாங்கு. கடல்மேல் பாலம் நீண்டுகொண்டே போனது. அழகாகத்தான் இருந்திருக்கும், நான் பார்க்கவில்லை.

அக்காவின் தெருமுனையில் சவ வண்டி எதிரே வந்துகொண்டிருந்தது.

"வண்டிய குறுக்க போடு தம்பி" என்றேன். போட்டார். நடுரோட்டில் இறங்கி நின்றேன். ஹாரன் அடித்தார்கள், நான் நகரவில்லை.

"சின்னம்மா!" என்று அக்கா மகன் கொள்ளிச் சட்டியோடு ஓடிவந்தான். "நேரமாச்சு, எடுக்கச் சொல்லிட்டாங்க சின்னம்மா."

"எடுத்தத நடுவுல எறக்கக் கூடாதும்மா" என்றார் ஒரு பெரியவர்.

"எறக்க வேணாம். கதவத் தொறங்க!"

என் குரல் அவ்வளவு உரக்க வந்து நானே கேட்டதில்லை. கதவு திறந்தது. உள்ளே ஏறிச் சேலையைப் போர்த்தினேன்.

மூன்றாம் நாள் பஸ்ஸில் திரும்பினேன். ஐந்து மணி நேரம் என்றார்கள், ஐந்துதான் ஆனது. இனி யாராவது உங்களிடம் ஒரு மணி நேரம் என்று சொன்னால், எந்த வாசலிலிருந்து எந்த வாசலுக்கு என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. கூடப் பிறந்தவளின் முகத்தை, வண்டிக்குள் குனிந்து, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பார்த்தேன்.