சராசரிக்கு மேலே ஒரு கோவளம்

அணுபுரத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பள்ளியில் கணினியில் வைத்த திறனறித் தேர்வில் தொண்ணூறுக்கு மேல் வாங்கியிருக்கிறாள். அறிக்கையோ 'சராசரி' என்கிறது. நான் சிரித்துவிட்டேன். அம்மாவும் பெண்ணும் சேர்ந்து முறைத்தார்கள்.

எனக்கோ அந்தக் காலத்தில் வினாத்தாள் அச்சடித்த சைக்ளோஸ்டைல் மை வாசனை மூக்கில் ஏறிவிட்டது. என் முதல் வேலையே அதுதான்: வினாத்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு செங்கல்பட்டில் பஸ் ஏறி, கடலோரப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேர்வு வைப்பது. எவ்வளவு வாங்கினால் சராசரி என்று பார்க்க ஓர் அட்டவணை கொடுத்திருந்தார்கள். அது என் அப்பா காலத்துப் பிள்ளைகளை வைத்துப் போட்டது. பின்னால் வந்த பிள்ளைகள் படிப்பில் முன்னேறிவிட்டார்கள், அட்டவணை அப்படியே இருந்தது. அதனால் நான் போன ஊரிலெல்லாம் ஏறக்குறைய எல்லோரும் சராசரிக்கு மேல்தான். எனக்கு ராஜ மரியாதை. கோவளத்துத் தலைமையாசிரியர் வஞ்சிரம் வறுத்துப் போட்டார். வறுத்த வஞ்சிரத்தை வாயில் வைத்துக்கொண்டு யாராவது அட்டவணையைச் சந்தேகிப்பார்களா, சொல்லுங்கள்.

அந்த ஊர் பஸ் நிறுத்தத்தில் காதர் பாய் டீக்கடை வைத்திருந்தார். மகள் பாத்திமாவை ஐந்தாவதோடு நிறுத்திவிடுவதாக இருந்தார். அவளுக்கோ மேலே படிக்கக் கொள்ளை ஆசை. 'சராசரிக்கு மேல்' என்று நான் சொன்னதும் பாய் மனம் மாறிவிட்டார். அன்று வந்த டிரைவர், கண்டக்டர் எல்லோருக்கும் டீ இலவசம்.

பள்ளி திறக்கும் சமயத்தில் புது அட்டவணை வந்தது. அதன்படி பாத்திமா வெறும் சராசரி. மறைக்க மனம் ஒப்பவில்லை. சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவாரோ என்றும் பயம். ஆனாலும் போய்ச் சொன்னேன். உள்ளே பாத்திமா கிளாஸ் கழுவும் சத்தம் சட்டென்று நின்றது. பாய் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"புள்ள அதே புள்ள தானே சார்? மார்க்கும் அதே மார்க்கு. உங்க அட்டவணை வளந்துகினே போனா இவ இன்னா பண்ணுவா? யூனிபாரம் தெச்சாச்சு, போவட்டும்."

உள்ளே கிளாஸ்கள் முன்னைவிடப் பலமாக மோதிக்கொண்டன. எனக்குப் பாயைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

கதையைக் கேட்டுத் தங்கை மகள் சிரித்தாள். அந்தக் கடைக்குப் போகலாமா மாமா என்றாள். எங்கே போவது? சாலையை அகலப்படுத்தியபோதே கடை போய்விட்டது. சைக்ளோஸ்டைலும் போயிற்று. அட்டவணை இப்போது கணினிக்குள்ளேயே வருஷா வருஷம் மாறிக்கொள்கிறதாம். மாறட்டும். 'புள்ள அதே புள்ள தானே' என்று கேட்கத்தான் அதற்குள்ளே ஒரு டீக்கடை இல்லை.