கரம்பைக்கு அடியில் இருந்த மண்

காலை 6.50. பெரியார் பேருந்து நிலையத்தில் சோழவந்தான் டவுன் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பெண்களுக்கு இலவசம். சீட்டைக் கிழித்துக் கொடுத்த நடத்துநர் என் மடியில் இருந்த தடித்த கோப்பைப் பார்த்து, "என்ன டீச்சர், பரீட்சை பேப்பரா?" என்றார். நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிறது போலும்.

"இல்லண்ணே, மண்ணு" என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

உண்மையில் மண்தான். என் பழைய மாணவி ஒருத்தியின் அம்மா பாண்டியம்மாள். சமயநல்லூர்ப் பக்கம் அவருக்கு ஒரு ஏக்கர் இருக்கிறது. அவரும் கணவரும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டுச் சேர்த்த பணத்தில் வாங்கியது. கணவர் இப்போது இல்லை. பக்கத்தில் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறை ஒன்று இருந்தது. பட்டறைக்காரர் ஒரு நாள் பூட்டைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார், ஈயத்தை மட்டும் வயலிலேயே விட்டுவிட்டு. இப்படிக் கெட்டுப்போன நிலத்தைச் சுத்தம் செய்ய அரசு மானியம் தருகிறது. நஞ்சேறிய மண்ணை அள்ளிக்கொண்டு போய்விட்டு நல்ல மண் நிரப்புவார்கள். போன வருடம் பாண்டியம்மாள் போட்ட மனு, 'மண்ணில் மாசு இல்லை' என்ற பதிலோடு திரும்பி வந்தது. மறுஆய்வு கேட்டு எழுதியவள் நான். இன்று மண் எடுக்க அதிகாரி வருகிறார். இதுவும் போனால் அந்த நிலத்தை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

7.35. சமயநல்லூர். பன்னிரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் பாத்திமா கல்லூரி தாண்டும் முன்பே பாதி நேரம் போய்விடுகிறது. டீ பதினைந்து ரூபாய். அங்கிருந்து நாலு கிலோமீட்டருக்கு ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய். ஓட்டுநரிடம் இடத்தைச் சொன்னதும், "பட்டறை வயலுக்கா? அங்கிட்டுக் கீரை எதுவும் குடுத்தாகன்னா வாங்கிறாதீகக்கா" என்றார். ஆட்டோக்காரருக்குத் தெரிந்தது ஆய்வுக்கூடத்துக்குத் தெரியாமல் போனது எப்படி?

அதற்குக் காரணம் நம் ஊர்ப் பழக்கம். போன வருடம் அதிகாரி வருகிறார் என்று தெரிந்ததும் பாண்டியம்மாளும் அவர் கொழுந்தன் முருகேசனும் வயலைச் 'சுத்தம்' செய்தார்கள். பட்டறைச் சுவரை ஒட்டிய ஐந்து சென்ட்தான் படுமோசம். கண்மாயிலிருந்து பதினைந்து டிராக்டர் கரம்பை, அதாவது வண்டல் மண் அடித்து, அங்கே முக்கால் அடிக்கு நிரவி, வரப்பு கட்டி, தண்ணீர் தெளித்து வைத்தார்கள். வந்தவர் அரை அடி ஆழத்தில் மண் எடுத்தார். கண்மாய்க் கரம்பை பரிசோதனையில் பாஸாகாமல் என்ன செய்யும்? இருபத்தாறு வருடம் வேதியியல் நடத்தியவள் நான், கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் விருந்தாளி வருவதற்கு ஐந்து நிமிடம் முன்பு துணிமூட்டையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளாத வீடு மதுரையில் எது?

இன்னொரு சிக்கலும் இருந்தது. 'மேல்மண் போடப்பட்டதா?' என்ற கேள்விக்கு மண் எடுத்த அன்று முதல் மனுவோடு சேர்த்த படிவத்தில் கூச்சப்பட்டு 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். புது மனுவில் நானும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. அதிகாரி வருவதற்குள் கரம்பையை வழித்துவிடுங்கள் என்று ரகசியமாகச் சொல்லி வைத்திருந்தேன்.

8.05. வயலில் இறங்கினால் கரம்பை அப்படியே கிடக்கிறது.

"ஏன் வழிக்கல?" என்றேன் எரிச்சலாக.

முருகேசன் கையை விரித்தார். "மதினி மம்பட்டியத் தொடவிட மாட்டேங்குது டீச்சர்."

"போன தடவ அழகாக்கி வச்சோம். இந்தத் தடவ அழுக்காக்கி வைக்கச் சொல்றீக" என்றார் பாண்டியம்மாள். "ரெண்டும் ஒண்ணுதான டீச்சர்? ஆபீசர் வரட்டும். கண்ணு முன்னாடியே வெட்டிக் காட்டுறேன்."

கோப்பை வரப்பில் வைத்துவிட்டு அதிகாரிக்காகக் காத்திருந்தேன்.

9.20. ஜீப்பில் வந்த அதிகாரி இளவயதுப் பெண். பாண்டியம்மாள் வணக்கம் சொன்ன கையோடு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அதிகாரி பழைய மனுவைப் புரட்டினார்.

"நீங்க இதை எழுதிக் குடுத்தாத்தான் அடிமண்ணை எடுக்க முடியும்மா. ஆனா மொத மனுவுல தப்பான தகவல் குடுத்திருக்கீங்கன்னு மேலிடத்துல மனுவத் தள்ளுபடி பண்ணாலும் பண்ணிருவாங்க."

முருகேசன் குறுக்கே வந்தார். "மதினி, யோசிச்சுக்க."

"யோசிச்சாச்சு. எழுதுங்க டீச்சர்."

ஜீப்பின் மேல் தாளை வைத்து எழுதினேன். அதிகாரி இரக்கப்பட்டு, "தெரியாமல் போட்டுவிட்டோம்னு சேத்துக்கங்க" என்றார். நானும் எழுதப் போனேன்.

"தெரியாமன்னு போடாதீக" என்றார் பாண்டியம்மாள். "தெரிஞ்சுதான் போட்டோம். வாரவுகளுக்கு நல்லதக் காட்டணும்னு போட்டோம். அதையே எழுதுங்க." எழுதினேன். கையெழுத்துப் போட்டார். டிராக்டர் தன்னுடையது என்று முருகேசனும் கீழே போட்டார்.

அப்புறம் பாண்டியம்மாளே மண்வெட்டியை எடுத்து வெட்டினார். முக்கால் அடி வரை நல்ல கருப்பு. அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் மண், நடுநடுவே பேட்டரிப் பெட்டியின் உடைசல். அதிகாரி கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். நாலு இடத்தில் எடுத்து, பையில் போட்டு, அரக்கு வைத்தார்.

11.45. ஜீப் போய்விட்டது. முடிவு தெரிய ஒன்றரை மாதம் ஆகுமாம். தந்திரத்தோடு வந்த எனக்கு வெட்கமாக இருந்தது. பிள்ளைகளுக்கு நேர்மையைப் பற்றி எத்தனை வகுப்பு எடுத்திருப்பேன்!

முருகேசன் குழியை மூடப் போனார். பாண்டியம்மாள் மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டார்.

"கேட்டது வரலன்னா என்ன செய்வீங்க?" என்றேன்.

"மறுக்கா எழுதுவோம். ஆடு மாடு விழுகாம சுத்தி முள்ளுப் போட்டு வைக்கிறேன், ஆனா மூட மாட்டேன். அடுத்து எந்த ஆபீசர் வந்தாலும் இதுக்குள்ளதான் எறங்கிப் பாக்கணும்."