குடையில் ஒரு கு, குருவில் ஒரு கு

இரண்டு வருடங்களுக்கு முன், பெங்களூரில் லிஃப்ட் பராமரிக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். சோதனைக் காலம் முடியும் நேரம். ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒப்பந்தத்தைப் பிடித்தால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் ஊருக்குக் கிளம்பலாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

அங்கே குடியிருப்போர் சங்கத்தினர் எல்லோரும் கன்னடக்காரர்கள் என்றார்கள். ஸ்லைடுகளோடு ஒரு சிறிய வீடியோவும் தயாரித்தேன். பின்னணிக் குரலுக்கான கன்னட வரிகளை அலுவலகத்தில் கூட வேலை செய்யும் ஒருவர் போனில் சொல்லச் சொல்ல, தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை லிங்கராஜபுரத்தில் நான் தங்கியிருந்த அறையில், இரைச்சல் பதிவாகக் கூடாதென்று ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வியர்க்க வியர்க்கப் பேசிப் பதிந்தேன்.

கூட்டத்தில் வீடியோ ஓடியது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் என் குரல் முழங்கியது: "நம்ம குரி, நிம்ம சுரக்ஷதெ." எங்கள் இலக்கு, உங்கள் பாதுகாப்பு. முதல் முறை முணுமுணுப்பு. மூன்றாம் முறை அறையே சிரித்தது. முன்வரிசைக்காரர் ஒருவர், "ஸார், குரினூ லிஃப்ட்டல்லி பர்த்தாவா?" என்றார். எனக்கு லிஃப்ட் மட்டும்தான் புரிந்தது.

சங்கத்தின் பொருளாளர் எழுந்து வந்தார். என் வயதுதான் இருக்கும்.

"தமிழா சார் நீங்க? ஆடும் லிஃப்ட்ல வருமான்னு கேக்கறாரு. நம்ம ஆடு, உங்க பாதுகாப்புன்னு மூணு வாட்டி சொல்லிட்டீங்க."

"குறின்னா இலக்குதானே?"

"அது தமிழ்ல. இங்க குரு மாதிரி கு போட்டாத்தான் இலக்கு. குடை மாதிரி போட்டா செம்மறியாடு. சவுண்ட ஆஃப் பண்ணிட்டு நீங்களே பேசுங்க. மாட்டிக்கிட்டா நான் எடுத்துக் கொடுக்கறேன்."

ஓசையில்லாத படத்துக்கு நானே பேசினேன். பாதி கன்னடம், பாதி ஆங்கிலம். கடைசி ஸ்லைடில் அந்தச் சொல் வந்ததும் தயங்கி நின்றேன். அறை முழுக்க ஒரே குரலில், சரியான உச்சரிப்போடு அதைச் சொல்லிக் கைதட்டியது. ஒப்பந்தம் எங்களுக்குத்தான் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

ஒயர்களைச் சுருட்டும்போது பொருளாளர் கேட்டார். "பதிஞ்சதும் யாருக்காச்சும் ஒரு தடவ போட்டுக் காட்டியிருக்கலாமே சார்?"

"நேரமில்லை" என்றேன். நேரம் இருந்தது. போட்டுக் காட்ட ஆள்தான் இல்லை.

பஸ்ஸில் அம்மாவை அழைத்து, வேலை நிரந்தரம் என்றேன். சந்தோஷப்பட்டார். ஆட்டுக் கதையைச் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டேன். அவருக்குக் கன்னடம் தெரியாது. தமிழ் தெரியாத அலுவலகத்தில் சொல்லலாமென்றால், தமிழில் இரண்டு ஒலிக்கும் ஒரே எழுத்து என்பதை முதலில் விளக்க வேண்டும். விளக்கி முடிப்பதற்குள் சிரிப்பு ஆறிவிடும்.

இரண்டு மொழியும் தெரிந்து, சொன்னவுடன் சிரிக்கக்கூடிய ஒருவரை அந்த அறையிலேயே விட்டுவிட்டு, பெயரைக்கூடக் கேட்காமல் வந்திருந்தேன். வேலை கிடைத்த நாளாக அல்ல, சிரிப்பை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல ஆள் தேடிய நாளாகத்தான் அது இன்னும் எனக்குள் இருக்கிறது.