புங்க மரத்தடி உத்தமன்

உத்தமன் இஸ்திரி வண்டி போட்டிருந்தது எங்க வீட்டு வாசல் புங்க மரத்தடியில். ஜோகுபாளையத்தில் எங்கள் சந்துக்கு வேறு நிழலே கிடையாது. அவன் வாணியம்பாடிப் பக்கத்து ஆள். காலையில் கரி மூட்டினால் பொழுது சாயும்வரை நின்றபடியே தேய்ப்பான். பேச்சு கம்மி.

சிவராத்திரி கழிந்து மரம் துளிர்க்கும்போது சின்னச் சின்ன அந்துப்பூச்சி பறக்கும். உமி அளவுதான், சாம்பல் நிறம். அது முட்டை வைத்துப் போனால், புழு வந்து தளிரைச் சுருட்டிக்கொண்டு உள்ளேயிருந்து தின்னும். பக்கத்துக் கல்யாண முருங்கையையும் விடாது. நூல் விட்டுத் தலைமேல் தொங்கும். பக்கத்து வீட்டு சேஷகிரிக்கு அது ஆகாது. மரத்தை வெட்டணும் என்று வருஷா வருஷம் சொல்வார். நான் இருக்கிறவரை நடக்காது என்று நானும் சொல்வேன்.

தொண்ணூற்றாறில், எதிர்வீட்டு உஷா தன் நிச்சயதார்த்தத்துக்கு வாங்கின சந்தன நிறப் பட்டுப் புடவையை இஸ்திரிக்குக் கொடுத்தாள். மடிப்புக்குள் பூச்சி உட்கார்ந்திருந்தது தெரியாமல் உத்தமன் பெட்டியை வைத்துவிட்டான். முந்தானையில் எண்ணெய்க் கறை மாதிரி ஒரு பழுப்புப் பொட்டு.

சந்தே கூடிவிட்டது. இனி இவனிடம் யாரும் துணி போடாதீர்கள் என்றாள் உஷாவின் அம்மா. சேஷகிரி முந்திக்கொண்டார்.

"எல்லாம் இந்த மரத்தாலதான்பா. நீயே சொல்லு, வெட்டிடலாம். உன்மேல பழி வராது."

உத்தமன் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் பிழைப்பு தப்பும், மரம் போகும்.

உத்தமன் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். "மரத்துல பூச்சி இருக்கத்தான் செய்யும். உதறிப் பாக்காம பெட்டிய வச்சது நான்."

மறுநாள் வண்டியை எதிர்ப்பக்கம் வெயிலுக்குத் தள்ளிக்கொண்டு போனான். குடை கொடுத்தேன். கரிச் சூட்டுக்கு முன்னால இதெல்லாம் வெயிலா பெரியம்மா என்று திருப்பித் தந்தான். நான் விடுவேனா? கயிறு எடுத்து வண்டியிலேயே கட்டிவிட்டு வந்தேன். ஆனால் துணிதான் வரவில்லை. குடைக்கடியில் சும்மா நின்றான்.

கடைசியில் உஷாவே இன்னொரு புடவையோடு வந்தாள்.

"அண்ணா, இதத்தான் கட்டப் போறேன். உதறிட்டுப் போடுங்க."

அவள் கண்முன்னாலேயே ரெண்டு தரம் உதறினான். அவளைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள்.

அதிலிருந்து வருஷா வருஷம் பூச்சி பறக்கும்போது வெயிலில் நிற்பான், மற்ற நாளெல்லாம் மரத்தடியில். உதறுகிற பழக்கம் மட்டும் போகவில்லை. பூச்சியே இல்லாத ஐப்பசி மழையிலும் கைக்குட்டையைக்கூட ரெண்டு தரம் உதறுவான். சேஷகிரி சட்டை என்றால் மூணு தரம்.