தூத்துக்குடிக்கு மீன் சாப்பிடப் போனோம்

1981ஆம் வருடம், மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிக்குக் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் தூத்துக்குடி பஸ்ஸில் ஏறி, எனக்கொரு இடமும் பக்கத்தில் துண்டு போட்டு இரண்டு இடமும் பிடித்தேன். பசுவந்தனை தாண்டி எங்கள் ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில் அய்யாவும் அம்மாவும் ஏறுவார்கள். கோவில்பட்டியிலிருந்து தூத்துக்குடி அறுபது கிலோமீட்டருக்கு மேல் இராது. டிக்கெட் மூன்றே முக்கால் ரூபாய். அய்யாவுக்கு அறுபத்தெட்டு வயது, அம்மா அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தாள். இருவரும் அதுவரை கடலைப் பார்த்ததில்லை.

இந்தப் பயணத்தைக் கேட்டது அய்யாதான். ஐப்பசியில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, போகும்போது நாக்கின் ருசியையும் கொண்டுபோய்விட்டது. கம்மங்கஞ்சி, சோளச்சோறு, கோழிக்குழம்பு, எதை வைத்தாலும் இரண்டு வாய்க்கு மேல் போகாது. "மண்ணத் தின்ன மாதிரி இருக்கு" என்று தட்டை நகர்த்திவிடுவார். கோவில்பட்டி டாக்டர், நோய் ஒன்றுமில்லை, சாப்பிட்டால் சரியாகும் என்றார். சாப்பிடத்தான் அவரால் முடியவில்லை. மிளகாய் பழுத்து நின்றபோதும் அவர் புஞ்சைப் பக்கம் போகவில்லை. அம்மாதான் ஆள் வைத்துப் பறித்தாள். நான் கோவில்பட்டியில் ஒரு நூல் மில் ஆபீசில் டைப்பிஸ்ட். வாரக் கடைசியில் ஊருக்குப் போகிறபோதெல்லாம், அவருடைய சட்டை முந்தைய வாரத்தைவிடப் பெரிதாகிவிட்டதுபோலத் தெரியும்.

பயணத்துக்கு முந்தின வாரம் போயிருந்தபோது, சும்மா படுத்திருந்தவர் முகட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கடல் மீன கருவாடா இல்லாம, பிடிச்ச அன்னைக்கே தின்னு பாக்கணும்ட்டி."

நான்கு மாதத்தில் அவர் தின்னவேண்டும் என்று சொன்ன ஒரே பண்டம் அது. அம்மா என்னைப் பார்த்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போவது என்று முடிவாயிற்று.

விலக்கில் பஸ் நின்றது. அம்மா கையில் ஒரு மஞ்சள் பை. அய்யாவை நானும் கண்டக்டரும் கைத்தாங்கலாக ஏற்றினோம்.

"என்ன பெரியவரே, ஆஸ்பத்திரிக்கா?" என்றார் கண்டக்டர்.

"இல்லய்யா. மீன் திங்கப் போறேன்."

பஸ்ஸில் பாதிப்பேர் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமையில் மீன் தின்ன ஏன் தூத்துக்குடிக்குப் போகக்கூடாது என்று தெரிந்தவர் யாரும் அந்த பஸ்ஸில் இல்லை போலும்.

இரண்டு பக்கமும் கரிசல். மழை பெய்து மாதக்கணக்கானதால் நிலம் வெடிக்கத் தொடங்கியிருந்தது. பருத்திச் செடிகளில் ஆங்காங்கே வெள்ளை. களங்களில் காயும் மிளகாயின் நெடி ஜன்னல் வழியே ஏறி, பஸ்ஸே தும்மியது. ஓட்டப்பிடாரம், புதியம்புத்தூர் என்று ஊர்கள் வந்துபோயின. தூத்துக்குடியை நெருங்கும்போது தூரத்தில் வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள்.

"இம்புட்டுப் பருத்திய எவன் வெளியில போட்டு வச்சிருக்கான்?" என்று அய்யா எழுந்தே விட்டார்.

"பருத்தி இல்ல பெரியவரே, உப்பு" என்றார் முன் சீட்டுக்காரர்.

அய்யா உட்காரவில்லை. கம்பியைப் பிடித்தபடி, குவியல்கள் கண்ணிலிருந்து மறையும்வரை நின்று பார்த்தார்.

ஒன்பதரை மணிக்குப் பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். காலைச் சாப்பாட்டுக்கு அம்மா இட்லி கொண்டுவந்திருந்தாள். மதியச் சாப்பாட்டுக்குத்தான் கடை தேட வேண்டும். நல்ல மீன் கடை வேண்டும். அய்யாவுக்கு மாடிப்படி ஆகாது. பற்கள் பாதி இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி, அதிக தூரம் நடக்கமுடியாது. இத்தனையும் பொருந்துகிற கடை ஒரு துறைமுக நகரத்தில் இல்லாமல் போகுமா என்று நினைத்தேன்.

முதல் கடையில் பிரியாணி வாசனைதான் வந்தது. "மீனா? இன்னைக்கு இல்லம்மா" என்றார்கள். இரண்டாவது கடை மாடியில். மூன்றாவது கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பாக மசாலா தடவிய துண்டுகள் இருந்தன. அய்யாவை உட்காரவைத்து ஒரு தட்டு வாங்கினேன். அவர் பிட்டு வாயில் வைத்தார். மென்றார். விழுங்கக் கஷ்டப்பட்டது தெரிந்தது. பிறகு தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னார்: "இதுவும் மண்ணாத்தான் இருக்கு."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெயில் அப்படியொன்றும் இல்லை.

வெளியே நின்ற சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "ஐஸ் மீனப் போய்த் தின்னா எப்பிடி? திரேஸ்புரத்துல சூசையம்மா கடையிருக்கு. கடைன்னா வீட்டு முன்னால ஓலைப்பந்தல்தான். ஏறுங்க, ரெண்டு ரூவா குடுங்க" என்றார்.

திரேஸ்புரத்தின் கடைசித் தெருவில் ரிக்‌ஷா திரும்பியதும் வீடுகள் முடிந்தன. அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. தண்ணீர்தான்.

கடல் என்றால் இரைச்சலும் அலையுமாக இருக்கும் என்று நானும் நினைத்திருந்தேன். தூத்துக்குடிக் கடல் அப்படியில்லை. சத்தம் போடாமல், அசைவதுகூடத் தெரியாமல், வானம் தொடங்கும் இடம்வரை கிடந்தது. கரையில் மீன்பிடி வள்ளங்கள் வரிசையாக ஏற்றி வைக்கப்பட்டிருந்தன. அம்மா இரண்டு கையையும் தலைக்குமேல் குவித்துவிட்டாள். அய்யா கும்பிடவில்லை. செருப்பைக் கழற்றி ரிக்‌ஷாவிலேயே விட்டுவிட்டு, மணலில் நடந்துபோய்க் கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றார். நாங்கள் கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை. வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தவர், "அக்கரை இல்லட்டி" என்றார். ஒரு கண்மாய்க்கு எதிர்க்கரை இல்லை என்று கண்டுபிடித்தவரின் குரல் அது.

சூசையம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கோயிலுக்குப் போய்வந்த புதுச்சேலையோடு வீட்டு வாசலில் நின்றார். பந்தலில் அடுப்பு அணைந்து கிடந்தது.

"இன்னைக்குக் கடை கிடையாதும்மா. ஞாயித்துக்கிழம ஆம்பிளைய கடலுக்குப் போகமாட்டாவ. எங்க சாமி நாளு."

"ஞாயித்துக்கிழம கடலுக்கும் லீவா?" என்றார் அய்யா.

"கடலுக்கு ஏது லீவு அண்ணாச்சி? எங்களுக்குத்தான்."

நேற்றைய மீன் ஏதாவது இருந்தால் போதும் என்று கெஞ்சினேன். அய்யாவின் நிலைமையையும் சொன்னேன். சூசையம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த ஒடம்புக்கு நேத்து மீனா? குடுக்கமாட்டேன். ராவோட ராவா வள்ளம் இறங்கிரும். நாளைக்கு மத்தியானம் வாங்க. நானே ஆக்கித் தாரேன்."

மறுநாள் எனக்கு வேலை. அய்யாவோ, "போதும்ட்டி, கடலப் பாத்தாச்சுல்லா, போயிருவோம்" என்று திரும்பிவிட்டார். இப்போது பஸ் ஏறினால் இனி எதையும் கேட்கமாட்டார் என்று தோன்றியது.

அம்மாதான் மணலில் உட்கார்ந்துவிட்டாள். சொந்தக்காரர் வீட்டைத் தவிர வேறெங்கும் ஒரு ராத்திரி தங்கியறியாதவள் சொன்னாள்: "நாளைக்கு லீவு போடு. மீனத் தின்னாமப் போகக்கூடாது."

"நாளைக்கு ஒனக்குச் சோமவார விரதம்மா. நீ மீன் சாப்பிட முடியாதே."

"நான் சாப்பிடவா வந்தேன்?"

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் லாட்ஜில் பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு அறை எடுத்தோம். மேலே சுற்றும் ஃபேன் விழுந்துவிடும் என்று அம்மா கட்டிலில் படுக்க மறுத்துத் தரையில் படுத்தாள். திங்கட்கிழமை பதினோரு மணிக்கெல்லாம் மறுபடி திரேஸ்புரத்தில் இருந்தோம்.

கரையில் வள்ளம் ஒன்றுகூட இல்லை. பெண்கள் ஓலைப்பெட்டிகளோடு கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். நாங்களும் உட்கார்ந்தோம். நண்பகல் தாண்டியதும் கடல்பக்கமிருந்து காற்று கிளம்பியது. பெண்களில் யாரோ எழுந்து நின்றார்கள். முதலில் எனக்கொன்றும் தெரியவில்லை. பிறகு தண்ணீரும் வானமும் சேருமிடத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி. அப்புறம் நான்கைந்து. அப்புறம் எண்ண முடியவில்லை. பாய் விரித்த வள்ளங்கள், வெள்ளையும் செம்மண் நிறமும் ஒட்டுப்போட்டதுமாக, கடல் முழுக்க ஒரே திசையில் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தன. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

சூசையம்மாவின் கணவர் அந்தோணி வந்த வள்ளம் கரை தட்டியது. வலையை உதறினார்கள். மணலில் கொட்டிய மீன்கள் வெயிலில் மின்னின. சில இன்னும் துள்ளின. அய்யா குந்தி உட்கார்ந்து, உள்ளங்கை நீளமுள்ள ஒன்றை எடுத்தார். முதுகு நீலம், வயிறு முழுக்க வெள்ளி.

"இது என்ன மீனுய்யா?"

"சாளை அண்ணாச்சி" என்றார் அந்தோணி.

"சாளையா? சாளைக் கருவாடா இது?"

அந்தோணி சிரித்தார். அய்யா சிரிக்கவில்லை. மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கள் ஊருக்குச் சைக்கிளில் வரும் கருவாடு பழுப்பாக, வளைந்து, கண்ணிருந்த இடம் ஓட்டையாக இருக்கும். "அறுவது வருசமா இதத் தின்னிருக்கேன். இது மொகத்த இன்னைக்குத்தான் பாக்குதேன்" என்றார். அவர் விரலெல்லாம் செதில் ஒட்டி மினுமினுத்தது. அதைத் துடைக்கவும் இல்லை.

அந்தப் பக்கம் ஏலம் தொடங்கியிருந்தது. பெண்கள்தான் சுற்றி நின்று விலை கேட்டார்கள். சத்தம் தெரு முனைவரை கேட்டது. இத்தனை ஆண்களுக்கு நடுவே பெண்கள் இப்படிக் குரல் உயர்த்திப் பேசுவதை அம்மா வாய் பிளந்து பார்த்தாள். சூசையம்மா ஒரு சிறிய சுறாவைக் கேட்டு வாங்கிக்கொண்டு, "வாங்க" என்று முன்னால் நடந்தார்.

பந்தலில் பலகையைப் போட்டு உட்காரவைத்தார். அம்மாவுக்குச் சோமவாரம் என்று கேட்டதும், "அக்காவுக்குத் தனிச்சட்டி" என்று புதுச்சட்டி ஒன்றை எடுத்துக் கழுவி, பக்கத்து வீட்டிலிருந்து முருங்கைக்கீரை வாங்கிவந்து பருப்போடு கடைந்தார். சுறாவை வேகவைத்துத் தோலுரித்து உதிர்த்து, சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு போட்டுக் கிளறினார். "இது சுறாப்புட்டு. முள்ளு கெடையாது, பல்லு வேண்டாம். பிள்ளை பெத்தவளுக்கும் காய்ச்சல்ல எந்திரிச்சவுகளுக்கும் இதத்தான் குடுப்போம்." சாளைக் குழம்பு இன்னொரு அடுப்பில் கொதித்தது.

வாழை இலையில் சோறு போட்டு, குழம்பை ஊற்றி, புட்டை ஒரு ஓரத்தில் வைத்தார். அய்யா பிசைந்தார். முதல் வாயைக் கொண்டுபோனார். அம்மா தன் இலையைத் தொடவில்லை. அவர் மென்றார். நிறுத்தினார். எங்கேயோ பார்த்தார். மறுபடி மென்றார். இரண்டாவது வாய் போயிற்று. மூன்றாவது வாய்.

பிறகு சூசையம்மாவை நிமிர்ந்து பார்த்து, "கொழம்புல உப்பு ஒரு கல்லு கூடிப்போச்சு தாயி" என்றார்.

சூசையம்மாவின் முகம் சுருங்கியது. கடை வைத்த காலத்தில் யாரும் அப்படிச் சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் ஏதோ சொல்ல வாயெடுக்குமுன் அம்மா ஓவென்று அழுதுவிட்டாள்.

"ஏன் அக்கா, என்னாச்சு?"

அம்மா முந்தானையை முகத்திலிருந்து எடுத்தாள். "நாலு மாசமா... உப்பே போடாம வச்சாக்கூட இவியளுக்குத் தெரியாது. ஒரு கொற சொல்லமாட்டாவளான்னு கெடந்தேன்" என்றாள்.

சூசையம்மா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். "நல்லாச் சொல்லுங்க அண்ணாச்சி. இன்னும் என்ன கொற இருக்கோ, எல்லாத்தையும் சொல்லுங்க" என்று சொல்லி, இலையில் மறுபடி புட்டை அள்ளி வைத்தார். அய்யாவுக்கு எங்கள் அமளி எதுவும் பிடிபடவில்லை. குனிந்து சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். புளி மட்டும் சரியாயிருக்கிறது என்று நடுவில் ஒருமுறை சொன்னார்.

மூன்று சாப்பாட்டுக்குப் பத்து ரூபாய் நீட்டினேன். சூசையம்மா எட்டு ரூபாய்தான் எடுத்துக்கொண்டார். கீரைக்குக் காசு வாங்கும் வழக்கமில்லையாம்.

நாலரை மணி பஸ்ஸில் ஏறினோம். எங்கள் ஊரும் திரேஸ்புரமும் ஒரே மாவட்டம். நாங்கள் மேலே பார்த்து மழைக்காகக் காத்திருக்கிறோம்; அவர்கள் எதிரே பார்த்துப் பாய்க்காகக் காத்திருக்கிறார்கள். எங்கள் மண் இருக்குமிடத்திலேயே இருக்கும், பொய்த்தாலும் அது கண்ணெதிரே கிடக்கும். அவர்களுக்கு ஒவ்வொரு நாளும் கண்ணுக்கெட்டாத இடத்திலிருந்து வரவேண்டும், மீனும், மனிதர்களும். இதைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது. அம்மா அந்த ஏலக்காரப் பெண்களைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். அய்யா ஓட்டப்பிடாரம்வரை தூங்கினார்.

விலக்கில் பஸ் நின்றபோது வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. நான் கோவில்பட்டிக்குப் போகவேண்டும். இருவரையும் இறக்கிவிட்டு ஜன்னலில் தலையை நீட்டினேன். பொழுது சாய்ந்த கரிசலுக்கு நடுவே வண்டிப்பாதையில் அம்மா முன்னாலும் அய்யா பின்னாலுமாக நடக்கத் தொடங்கினார்கள். கண்டக்டர் விசில் கொடுக்கக் கையை உயர்த்திய நேரம். காற்று இந்தப் பக்கமாக வீசியதால் அய்யா கேட்டது எனக்கும் தெளிவாகக் கேட்டது.

"ஏட்டி, ராத்திரிக்கு என்ன ஆக்கப்போற?"

முழங்கால் வலிக்காரி அம்மா, விறுவிறுவென்று வீட்டைப் பார்த்து நடந்துபோனாள்.