லெட்சுமி வராத புதுவீடு

எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும், பால் காய்ச்சிய நாள் படத்தில் மாடு இல்லை. மாடும் கன்றும் நிற்க வேண்டிய இடத்தில், கையில் கடைப் பால் டப்பாவோடு பால்காரக்கா நிற்கிறார். வாயெல்லாம் சிரிப்பு.

ரப்பர்த் தோட்டங்கள் கைமாறி, நாங்களெல்லாம் ஈப்போவின் தாமான் குடியிருப்புகளுக்குக் குடிவந்த காலம் அது. புதுவீட்டுக்குள் முதலில் மாடு நுழைய வேண்டும். தரை வழுக்கும் என்று சாக்கு விரித்து வைப்போம். செமோர்ப் பக்கம், பழைய தோட்டத்து ஓரத்தில் கொட்டகை போட்டிருந்த அக்காவின் லெட்சுமிதான் லோரியேறி வருவாள். கூடத்தில் அவள் சாணி போட்டுவிட்டால் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியாது.

நான் கால்நடை இலாகாவில் உதவியாளன். காசநோய்ச் சந்தேகத்தில் அந்த வட்டாரத்து மாடுகளுக்கெல்லாம் ஒரு திங்கட்கிழமை கழுத்தில் சோதனை ஊசி போட்டோம். ஊசி போட்ட இடம் வீங்கினால் நோய் இருக்கிறது என்று பொருள். மூன்று நாள் கழித்து அதைப் பார்க்கும்வரை எந்த மாடும் கொட்டகையைவிட்டு நகரக்கூடாது. அந்த அறிவிப்பை அக்காவின் கேட்டில் ஒட்டியவன் நான்தான். பசை காய்வதற்குள் அதே கேட்டில் நின்று நானே கேட்டேன்.

“புதன்கிழம பால் காய்ச்சுறோம்க்கா. அரை மணி நேரந்தான். லோரியில ஏத்தி, ஒடனே கொண்டாந்து விட்டுரலாம்.”

அக்கா அறிவிப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஒட்டுனதே நீங்கதான தம்பி? அந்த லோரி நாளைக்கு பீடோர்ல வேற மாடு ஏத்தும்லா. இதுக்குச் சீக்கு இருந்தா அதுங்களுக்கும் பரவாதா? நா அனுப்ப மாட்டேன்.”

மாடு வராத வீடு விளங்குமா என்று அம்மா அழுதார். எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும், கோபம்தான் வந்தது.

புதன்கிழமை விடியும்போது அக்கா வந்தார். தலைக்குக் குளித்து, பூ வைத்து, பட்டுச்சேலை கட்டியிருந்தார். “மாட்டுக்குத்தான் தடை, எனக்கில்லையேலா” என்று வலது காலை எடுத்து வைத்தார். சோதனை முடியும்வரை லெட்சுமியின் பாலும் வேண்டாமென்று கடைப் பால் டப்பா வாங்கி வந்திருந்தார். பிறந்ததிலிருந்து அதுவரை கடையில் பால் வாங்கியதே இல்லையாம். டப்பாவை எந்தப் பக்கம் திறப்பது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். அழுத அம்மாவே சிரித்துவிட்டார். அப்போது எடுத்த படம்தான் இது.

மறுநாள் லெட்சுமியின் கழுத்தைத் தடவினேன். விரலுக்கடியில் வீக்கம் கெட்டியாக இருந்தது. அவளை அறுப்புக்கு ஏற்றிப்போன லோரிக்கு அனுமதிச் சீட்டு எழுதியதும் நான்தான். அக்கா, வழுக்கும் என்று லோரித் தரையில் சாக்கு விரித்தார்.

வீட்டுக்கு வருகிறவர்கள் இப்போதும் படத்தைப் பார்த்து, மாடு எங்கே என்று கேட்கிறார்கள். லெட்சுமி அப்போது கொட்டகையில் உயிரோடு இருந்தாள், அதனால்தான் அக்கா அப்படிச் சிரிக்கிறார் என்று சொல்வேன்.