குதிக்காலும் நேர்த்தியும்

வைகாசி மாதத்து முதல் வெள்ளிக்கிழமைக்கு என் நாட்குறிப்பில் உள்ளது இவ்வளவுதான்: ‘கரடியனாறு பஸ். கொண்டக்டர் குதிக்காலைத் தொங்கவிட்டு நிற்கிறார்.’

நெட்டையான, மெலிந்த மனிதர். பஸ் நிற்கும் இடமெல்லாம் மிதிபலகையின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிக்கால்களை மெல்லத் தாழ்த்தி நிற்பார்.

“என்ன தம்பி, பரதம் பழகிறியா?” என்றார் மீன்கூடையோடு இருந்த ஒரு பெண்.

“குதிக்கால் நோ, அக்கா. விடிய எழும்பி முதல் அடி வைக்கேலாது. நாள் முழுக்க நிண்டு உள்ளங்கால் சவ்வு வீங்கிற்றாம். டொக்டர்தான் இப்படிச் செய்யச் சொன்னவர். மெத்தென்ட செருப்புப் போடட்டாம், வெறுங்காலில நடக்கவே கூடாதாம்.”

“அப்ப கதிர்காமம்?” என்றார் அந்தப் பெண்.

கொண்டக்டரின் முகத்தில் இருந்த சிரிப்பு நின்றது. அடுத்த மாதம் காட்டுவழியே கதிர்காமத்துக்கு நடந்து போவதாக முருகனுக்கு அவர் வேண்டிக்கொண்ட ஒரு நேர்த்தி இருந்தது.

“செருப்போடு நடந்தால் என்ன?” என்று கேட்டேன்.

“வெறுங்கால் எண்டுதான் முருகனிட்டச் சொன்னனான், சேர். டொக்டரிட்டப் பிறகுதானே போனன்.”

ஆடியில் அந்த பஸ்ஸில் வேறொருவர் டிக்கெட் கொடுத்தார். யாத்திரை போய்வந்த அயலவர் ஒருவர், தங்கிய இடமெல்லாம் ஒரு நெட்டையர் மரவேரில் ஏறிக் குதிக்காலைத் தொங்கவிட்டு நின்றதாகச் சொன்னார். காலில் செருப்பு இருந்ததா என்று அவர் கவனிக்கவில்லை. அதை நான் இன்னும் உறுதிசெய்யவில்லை.